வினைமுற்று வரும்வரை

“ராத்திரி எட்டு மணி போல வந்து, விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொல்லி, மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போனவை எண்டு பக்கத்து வீட்டு அக்காதான் வந்து சொன்னவ.”

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தாயின் முன் கமராவை வைத்து அமர்கிற எந்த மாணவனும் கேட்கக்கூடிய பேச்சின் அமைப்பைக் காட்டுவதற்காக நானே இயற்றிக்கொண்ட வாக்கியம் இது. எந்த ஒருத்தியின் வாய்மொழியும் அன்று. ஆயினும் இதன் எலும்பும் நரம்பும் வன்னி மண்ணின் பேச்சுக்கு உரியவை. இத்தகைய வாக்கியம் ஒன்று பதிவாகிக் கணினியில் ஏறி, ஐந்து மாணவர் சூழ்ந்திருக்கும் மேசையிலே ஓடிக்கொண்டிருக்கையில், நீளம் மிகுந்துவிட்டது என்ற எண்ணத்தால் அவர்களுள் ஒருவன் அதைப் “போனவை” என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அகற்றப்பட்டவை ஆறே சொற்கள். சில விநாடிகளில் சொல்லி முடிபவை. ஆனால், அயல் வீட்டுப் பெண் சொல்லத் தான் கேட்டதைச் சொன்ன அந்தத் தாய், அந்த ஆறு சொற்களும் போனவுடன், வாசலில் நின்று கண்ணாரக் கண்டதைச் சொல்பவளாக மாறிவிடுகிறாள். செவிவழிச் செய்தி பிரத்தியட்ச சாட்சியமாகிவிட்டது. பொய் சொல்ல வேண்டுமென்று மேசையைச் சூழ்ந்திருந்த எவரும் நினைக்கவில்லை. ஆயினும் ஒரு பொய் பிறந்துவிட்டது. பின்னொரு நாள் ஓர் ஆணைக்குழுவின் முன் அவள் நடந்ததை நடந்தபடி சொல்ல நேர்ந்தால், படத்தில் வேறு விதமாகச் சொன்னாயே என்று அவளிடந்தான் கேட்பார்கள், வெட்டியவனிடம் கேட்கமாட்டார்கள்.

படத்தொகுப்பைப் பற்றி மாணவர் கைக்கு எளிதில் கிடைக்கும் நூல்களும் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கில மொழியை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. அம்மொழியில் யார் செய்தது, எப்போது செய்தது, யார் சொல்லக் கேட்டது என்பன பெரும்பாலும் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன; வாலைக் கத்தரித்தாலும் தலை நிற்கும். தமிழிலோ காலமும் பாலும் எண்ணும் மரியாதையும் இறுதியில் வரும் வினைமுற்றிலே குவிந்து கிடக்கின்றன. அதற்கும் அப்பால் “என்று” என்னும் சிறு சொல் வந்து, முன் சொன்ன அனைத்தையும் பிறர் கூற்றாக்கிவிடும் வல்லமை படைத்திருக்கிறது. அதற்கு இனமாகிய “என” என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இடையியலிலே இடம் வகுத்தார். வன்னியில் அது “எண்டு” என்று ஒலித்தாலும் அதன் அதிகாரம் குறையவில்லை. “போனவை” என்பது “போனவையாம்” என்று ஆகும்போது ஓரசையே மிகுகிறது. அந்த ஓரசையில் சொல்பவளின் பொறுப்பு முழுவதும் இடம் மாறிவிடுகிறது. அன்றியும், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பொதுவான பேச்சில் “சொன்னவ”, “வந்தவர்”, “போனவை” என வினையாலணையும் பெயரே முற்றாகி நிற்கும் வழக்கு உண்டு. “சொன்னா”, “வந்தார்” என்பவற்றுக்கும் இவற்றுக்கும் இடையே உள்ள நுண்ணிய பேதத்தை அந்த மண்ணிற் பிறந்த காதே அறியும். ஆகவே தமிழ்ச் சாட்சியத்தில் கை வைப்பவன் வினைமுற்று வரும்வரை, அதன் பின்னே ஒட்டி வருவனவும் வந்து முடியும்வரை, கத்தரியை எடுக்கலாகாது. இந்த விதி சொல்வதற்கு எளியது. ஒற்றை ஆளால் காக்கப்படுவது அரிது. காப்பதற்குப் பல காதுகள் வேண்டும் என்பதே நான் இக்கட்டுரையில் நிறுவ முயல்வது.

காலத்தின் சங்கதி இதனினும் நுட்பமானது. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாட்களுள் வவுனியாவிலும் அது போன்ற கொட்டகை எழுந்தது. அந்தத் தாய்மார் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பேசும் பேச்சில், பிள்ளையின் வினை எந்தக் காலத்தில் நிற்கிறது என்பது இலக்கண விஷயமாக மட்டும் இருக்க இயலாது. அதற்கு முந்திய ஆண்டில், 2016 இல், இலங்கைப் பாராளுமன்றம் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தைத் திருத்தி, இறந்துவிட்டார் என்று கூறாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மாத்திரம் கூறும் சான்றிதழ் ஒன்றை வழங்க வழி செய்தது. இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையே ஒரு நிலையைச் சட்டமே உண்டாக்க வேண்டியிருந்ததென்றால், அந்த நிலையிலே வாழும் ஒருத்தியின் வாக்கியத்தை எவ்வளவு அச்சத்தோடு தொட வேண்டும்! “அவனுக்கு மீன்குழம்பு எண்டாச் சரியான விருப்பம்” என்று ஒரு தாய் சொன்னால், அவ்வாக்கியத்தில் வினையே இல்லை, காலமும் இல்லை. தமிழ் அவளுக்கு அந்த அடைக்கலத்தைக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் துணையெழுத்து இடுகிற மாணவனுக்கோ அந்த மொழி வினையைக் கேட்கிறது. “விரும்புகிறான்” என்று எழுதுவதா, “விரும்பினான்” என்று எழுதுவதா என்ற வினா அவன் முன்னே வந்து நிற்கிறது. இரண்டாவதை எழுதினால், அந்தத் தாய் இத்தனை வருஷங்களாகக் கையொப்பமிட மறுத்த மரணச் சான்றிதழில் அவன் தன் விசைப்பலகையால் கையொப்பமிட்டவனாகிறான். வினையைத் தவிர்த்து, மகனுக்குப் பிரியமான உணவின் பெயர் என்ற அளவிலே ஒரு பெயர்த்தொடராக அதை எழுதிவிடலாம். ஆனால் அவ்வழி தோன்றுவதற்கு முன், இங்கே ஒரு முட்டு இருக்கிறது என்று குழுவில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

சிங்களத் துணையெழுத்தில் இந்த இடர் குறைவு என்பது பலரும் கவனியாத உண்மை. சிங்களமும் வினையை இறுதியில் வைக்கும் மொழி. நம் “எண்டு” நிற்கும் இடத்தில் அங்கே “கியலா” நிற்கிறது. நம் “ஆம்” ஒட்டும் இடத்தில் “லு” ஒட்டுகிறது. மீன்குழம்பின் விருப்பத்தையும் காலமில்லாமலே அம்மொழியிற் சொல்லிவிடலாம். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தவர்களின் கதையை ஆங்கிலத்தைவிடக் குறைந்த சேதத்தோடு சிங்களத்தில் பெயர்க்கலாம் என்பதைச் சிந்திக்கும்போது என் மனம் நெகிழ்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் வவுனியாவில், இருமொழியும் அறிந்த ஒரு மாணவியைக் குழுவிற் சேர்ப்பது உபசாரத்துக்காகச் செய்யும் காரியம் ஆகாது; தொழிலின் தேவை அது. ஆங்கிலத்தின் வழியாகச் சிங்களத்துக்குப் போகும் வழக்கத்தை விட்டு, தமிழிலிருந்து நேரே போக அவளால்தான் முடியும்.

இந்த நாட்டில் ஆவணப்படம் யார் குரலில் பேசத் தொடங்கியது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது இங்கே பயன் தரும். 1934 இல் பசில் றைற் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் படம் உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் போற்றப்படுவது; ஒலியையும் உருவத்தையும் பின்னிய அதன் தொகுப்பு முறை என் மதிப்பிலும் உயர்ந்ததே. அதில் வரும் உரை றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டு, கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற் அவர்களால் வாசிக்கப்பட்டது. நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாயிருந்து, 1679 இல் அநுராதபுரத்தின் வழியாகத் தப்பி, அருவி ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு அரிப்புக் கோட்டையை அடைந்தவர். அவ்வழியில் வன்னியரின் நாட்டோரத்தையும் அவர் கடந்தார். கண்ணிற் படாமல் காட்டினூடே ஒளிந்து சென்ற ஒருவரின் எழுத்து, இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் இத்தீவு முழுவதற்கும் குரலாயிற்று. திரையிலே தோன்றும் மீனவரும் வேளாளரும் தம் வாழ்வுக்குத் தாமே உரை சொல்லும் வாய்ப்பு அங்கே இல்லை.

1948 இல் நிறுவப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவில் நிலைமை சற்று மாறியது. இத்தாலியரான ஜூலியோ பெத்ரோனி முதலியோரும், பின்னர் ஆங்கிலேயரான றல்ப் கீனும் வழிகாட்ட, உள்நாட்டு இளைஞர் பலர் அங்கே தொழில் கற்றனர். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1954 இல் மலேரியா ஒழிப்பைப் பற்றி எடுத்த படத்துக்கு, உலர் வலயத்தில் அடைந்த வெற்றி என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு இடப்பட்டது. அந்த உலர் வலயத்தின் வடபாகமே வன்னி. காய்ச்சல் ஒழிந்த பிறகுதான் காடு வெட்டிக் குடியேறுதல் உயிருக்கு அஞ்சாத காரியமாயிற்று. ஆயினும் அந்தப் பிரிவு எமக்கு விட்டுச் சென்ற பெரிய பாடம் மலேரியாவைப் பற்றியதன்று. அங்கே இயக்குநர் லெஸ்ரரும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், தொகுப்பாளர் டைட்டஸ் தொடவத்தவும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். மூவருமாகவே அரசாங்க வேலையை விட்டு வெளியேறி, 1956 இல் ‘ரேகாவ’ என்ற படத்தால் சிங்களத் திரையின் போக்கையே மாற்றினர். வெளியேறும்போது இயக்குநர் தம் தொகுப்பாளரையும் உடன் அழைத்துச் சென்றார் என்பதைத் திரைப்படம் பயிலும் மாணவர் ஆழ்ந்து எண்ண வேண்டும்.

யுத்த காலத்தில் வன்னியில் நடந்த படத்தொகுப்பு பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவின் கையிலிருந்தது. எதிர்ப்புறத்தில் அரசாங்கத் தொலைக்காட்சி இருந்தது. இரு பக்கத்துப் படங்களிலும் உரைகாரரின் குரலே அரசோச்சியது. மக்கள் பேசும் சில விநாடிகள் அவ்வுரைக்கு ஆதாரமாக ஒட்டப்பட்டன. யுத்தம் முடிந்த பின் வெளிவந்த, உலகம் அறிந்த படங்கள், அதாவது 2013 இல் கலம் மக்ரே வெளியிட்ட ‘நோ பயர் ஸோன்’, அதே ஆண்டில் லீனா மணிமேகலை வெளியிட்ட ‘வெள்ளை வான் கதைகள்’ போன்றவை, வெளியிலிருந்து வந்தவர்களால் ஆக்கப்பட்டவை. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. அவை இல்லாவிடில் உலகம் அறிந்தது இன்னும் குறைவாயிருந்திருக்கும். எனினும் வன்னியின் பிள்ளைகள் தம் ஊரைத் தாமே பதிந்து தாமே தொகுக்கும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடசாலைப் பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி நடைபெறுகிறது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா கூடுகிறது. கைத்தொலைபேசி ஒன்றே கமராவாகவும் தொகுப்பு மேசையாகவும் ஆகிவிட்டது. இவ்வளவு வசதி வந்தபின், தொகுப்பதை ஒருவனே தன் அறையில் இரவோடிரவாக முடித்துவிடும் பழக்கமும் உடன் வந்துவிட்டது. அதை நான் அஞ்சுகிறேன்.

கூட்டாகத் தொகுப்பது திரைப்படக் கலைக்குப் புதிதன்று. சோவியத் நாட்டின் சீகா வெர்ட்டோவ், தம் மனைவியும் தொகுப்பாளருமான எலிசவேத்தா ஸ்விலோவா, தம்பியும் ஒளிப்பதிவாளருமான மிகயீல் கௌப்மன் ஆகியோரோடு சேர்ந்து மூவர் சபை என்றே தம்மை அழைத்துக்கொண்டார்; 1929 இல் வந்த அவர்களது படத்தில், ஸ்விலோவா படச்சுருளை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதையே ஒரு காட்சியாக வைத்தனர். இங்கிலாந்தில் 1942 இல் யுத்தத்தின் நடுவே எடுக்கப்பட்டு, உரைகாரர் எவரும் இல்லாமல் ஒலிகளாலேயே பேசும் ‘லிஸ்ஸின் ரு பிரிட்டன்’ என்ற சிறு படத்தில், இயக்கமும் தொகுப்பும் ஹம்ப்ரி ஜெனிங்ஸ், ஸ்ருவர்ட் மக்கலிஸ்டர் என்னும் இருவர் பெயரிலுமே குறிக்கப்பட்டன. தமிழ்த் திரையிலும் கிருஷ்ணன், பஞ்சு இருவரும் ஒரே பெயர்போல இணைந்து இயங்கியதை அறிவோம். அவர்களுள் பஞ்சு தொகுப்புக் கலையில் கைதேர்ந்தவர். இவையெல்லாம் பெரியோர் கதைகள். ஆனால் இவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்த அறிவு இருந்தது. அந்த அறிவுகள் மேசையில் மோதிக்கொண்டபோதே படம் பிறந்தது. மாணவர் குழுவிலும் அவ்வாறே.

படம் பிடித்தவன் தன் காட்சியை நேசிப்பான். மழையில் நனைந்து அதற்காகக் காத்திருந்த நேரம் அவனுக்கு அதன் ஒரு பகுதியாகவே தெரியும். களத்துக்குப் போகாதவளுக்கு அந்த நேரம் தெரியாது. திரையில் இருப்பது மட்டுமே தெரியும். ஆகவே பார்வையாளரின் முதல் பிரதிநிதி அவளே. ஒலி பதிந்தவன் சொற்களுக்கு அப்பாற்பட்டவற்றைக் கேட்டிருப்பான். எழுத்துப் பிரதி எடுத்தவள் வாக்கியங்களின் முடிவுகளை அறிவாள். ஐந்தாமவன் அந்த ஊரிலேயே பிறந்தவனாயிருந்தால், பேசுபவளின் தம்பி இன்னும் எங்கே வேலை செய்கிறான், எந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கு ஆபத்து வரும் என்பதை அறிவான். இந்த ஐந்து அறிவும் ஒரே தலையில் அமைவது மிக அரிது. 2024 இல் இருபது வயதாகிய மாணவி ஒருத்தி, 2009 இல் யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்காலில் ஐந்து வயதுக் குழந்தை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தொகுக்கப்படும் படத்தில் அவளுடைய குடும்பத்தின் நிழலே இருக்கலாம். ஒரு காட்சி ஓடும்போது எழுந்து வெளியே போகும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் திரும்பி வரும்வரை முடிவெடாமல் காத்திருக்கும் கடமை மற்றவர்க்கு உண்டு. அவள் ஏன் எழுந்தாள் என்பதே, அந்தக் காட்சியைப் பற்றிக் குழுவுக்குக் கிடைக்கும் மிக முக்கியமான குறிப்பாயிருக்கலாம்.

வன்னி என்றாலே துயரம் என்று கொள்வதும் ஒரு தவறான தொகுப்புத்தான். இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். 1902 இல் வேலை தொடங்கி, கட்டிமுடிக்க ஏறக்குறைய இருபது ஆண்டு சென்ற அந்தக் குளம் கிளிநொச்சி வயல்களின் உயிர். அதன் நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். நீண்ட பிணக்கின் பின், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைப்பது என்ற வழிக்குக் காரியம் திரும்பியது. இதை ஒரு மாணவர் குழு படமாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், வயல் வரம்பில் நிற்கும் விவசாயியின் பேச்சையும், உவரேறிய கிணற்றருகில் நிற்கும் யாழ்ப்பாணத்து இல்லத்தரசியின் பேச்சையும் மாறி மாறி வெட்டி வைப்பது முதலில் தோன்றும் உத்தி. அவ்வாறு வைத்தவுடன் இருவரும் வாதாடத் தொடங்கிவிடுகின்றனர். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கண்டவர் அல்லர். ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடை சொன்னவரும் அல்லர். நடவாத ஒரு வழக்கைக் கத்தரிக்கோல் நடத்தி வைக்கிறது. விவசாயி அரை நிமிடம் பேசி, அவள் ஐந்து விநாடி பேசினால் தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது. குழுவில் கிளிநொச்சிப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இருந்தால், இந்த உத்தி சத்தமில்லாமல் நிறைவேறாது; நிறுத்து, அவர் யாருக்கு மறுமொழி சொல்கிறார் என்று ஒருவர் கேட்பார். இருவரையும் முழுமையாக, ஒருவர் பின் ஒருவராகப் பேசவிட்டு, இடையிலே காலபோகத்து விதைப்பையும் குளத்தின் வான் கதவையும் அவற்றுக்குரிய நேரத்தோடு வைப்பது மெதுவான வழி. நான் அந்த மெதுவான வழியின் பக்கம்.

மௌனத்தைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தைக் கடக்க இயலாது. சாட்சியம் சொல்பவர் பேச்சின் நடுவே நிறுத்துகிறார். பத்து விநாடி, பதினைந்து விநாடி ஒன்றும் சொல்வதில்லை. கணினித் திரையில் ஒலிக்கோடு தட்டையாகி, இங்கே ஒன்றுமில்லை, வெட்டு என்று கையை அழைக்கிறது. வெட்டினால் பேச்சு விரைந்து ஓடும். வெட்டாமல் அதன்மேல் புல்லாங்குழலை ஊற்றினால் பார்வையாளரின் கண் நனையும். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். அஸ்தமன சூரியனுக்கு எதிரே மொட்டைப் பனையைக் காட்டி அந்த மௌனத்தை மூடுவது மூன்றாவது வடிவம். ரஷ்யக் கலைஞர் லெவ் குலெஷோவ், ஒரே முகத்தை ஒரு கிண்ணச் சூப்புக்கு அருகிலும், சவப்பெட்டிக்கு அருகிலும், பெண்ணுக்கு அருகிலும் ஒட்டி வைத்து, பார்ப்பவர் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதைக் காட்டினார் என்பது திரைப்பட மாணவர் அனைவரும் கேட்ட கதை. நடிகனின் முகத்தில் அது வித்தை. முல்லைத்தீவுத் தாயின் முகத்துக்கு அருகில் எதை வைக்கிறோமோ அதுவே அவள் உள்ளத்தில் இருந்தது என்று உலகம் நம்பிவிடும். அவளிடம் கேட்காமல் அதை வைக்க நமக்கு உரிமை ஏது?

ஒலிக்காரனின் சேவையை இங்கேதான் விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். வீதியோரக் கொட்டகையில் பதிந்த பேச்சின் பின்னால் ஏ9 வீதியின் லொறிகள் ஓடும். கோவில் மணி கேட்கும். மாரியில் தகரக் கூரைமேல் மழை கொட்டும். இந்த இரைச்சலைத் தொல்லையாகவே தொடக்கத்தில் எல்லோரும் கருதுவர். ஆனால் பேச்சு இடையில் வெட்டப்பட்டால் லொறியின் ஒலி பாதியில் அறுந்து நிற்கும்; காது உடனே அறிந்துகொள்ளும். அந்த வகையில் பின்னணி இரைச்சல் சாட்சியத்தின் மேலிட்ட அரக்கு முத்திரை போன்றது. முத்திரையை உடைக்காமல் கடிதத்தைத் திறக்கும் வித்தையும் தொகுப்பாளரிடம் உண்டு. பேச்சில்லாத வேளையில் அவ்விடத்து வெற்றொலியை அரை நிமிடம் தனியே பதிந்து வந்து, வெட்டிய இடங்களில் அதைப் பரப்பி ஒட்டுத் தெரியாமல் மெழுகிவிடலாம். கதைப்படத்தில் அது திறமை. சாட்சியத்தில், வெட்டிய இடத்தை மறைக்காமல், அரை விநாடி திரையைக் கறுப்பாக விட்டு, இங்கே சில சொற்கள் விடப்பட்டன என்று பார்ப்பவருக்கு உணர்த்துவதே நேர்மை என்பது என் துணிபு. அச்சிட்ட மேற்கோளில் மூன்று புள்ளி இடுகிறோம் அல்லவா. திரைக்கும் அது போன்ற குறி வேண்டும்.

முதல் வடிவம் தயாரானதும் அதைப் பேசியவருக்கே போட்டுக் காட்டும் வழக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜான் ரூஷ், எட்கர் மொரான் இருவரும் 1961 இல் வந்த தம் படத்திற் கையாண்டு, அவ்வாறு காட்டியபோது எழுந்த வாக்குவாதத்தையும் படத்துக்குள்ளேயே வைத்தனர். வன்னியில் இது கலைப் பரிசோதனை என்ற நிலையைக் கடந்த தேவை. சாட்சிகளைப் பாதுகாப்பதற்கு 2015 இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023 இல் வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன; ஆயினும் மாணவர் படத்தில் முகம் காட்டியவளுக்கு அருகில் நிற்கப்போவது முதலில் அந்த மாணவர்களே. பதிவன்று கொடுத்த சம்மதம் பதிவுக்கான சம்மதம். தொகுத்த வடிவத்தைக் கண்டபின் கொடுப்பதே வெளியீட்டுக்கான சம்மதம். காட்டப் போகும்போது ஐவரும் போக வேண்டியதில்லை; அவள் “பிள்ளை” என்று அழைத்துப் பேசிய ஒருத்தியும், ஊர்ப்பிள்ளை ஒருவனும் போனாற் போதும். அவள் தன் வீட்டிலிருந்து, தனக்கு வேண்டியவர் அருகிலிருக்க, அதைப் பார்க்கட்டும். “இதை எடுத்துவிடுங்கோ, பிள்ளையள்” என்று அவள் சொல்கிற வாக்கியத்துக்கு மட்டும் குழுவில் வாக்கெடுப்பு இல்லை. அது படத்தின் மிகச் சிறந்த வாக்கியமாயிருந்தாலும் எடுத்துவிட வேண்டியதே.

எடுக்கப்பட்டவை எங்கே போகின்றன? இவ்வினா எழும்போதெல்லாம் எனக்கு ஏ. கே. செட்டியாரின் ஞாபகம் வருகிறது. தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அந்தத் தமிழர், 1937 ஒக்ரோபர் 2 ஆந் திகதி, கப்பற் பிரயாணத்தின் நடுவே, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணினார். ஏறத்தாழ நூறு பேர் முப்பது ஆண்டுகளில் பிடித்த படங்களை உலகெங்கும் அலைந்து தேடி, 50,000 அடி திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து, 1940 ஓகஸ்டில் சென்னையில் தமிழிலே திரையிட்டார். ஒலிப்படத்தின் வேகமாகிய நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட படம் இரண்டேகால் மணியாகச் சுருங்கியது. எஞ்சியவை 38,000 அடி, ஏறக்குறைய ஏழு மணி நேரம். சென்னை மக்கள் அன்று கண்ட அந்தத் தமிழ் வடிவமே பிற்காலத்தில் காணக் கிடைக்காததாயிற்று. 1953 இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தைக் கொண்டே அதன் சாயலை ஊகிக்க வேண்டியிருக்கிறது. தொகுத்ததற்கே அந்தக் கதியென்றால், எஞ்சியவற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

2023 ஜூன் இறுதியில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அத்தகைய மண்ணில், எது என்றைக்குச் சாட்சியமாகும் என்பதை இன்று தொகுக்கும் இருபது வயது மாணவனால் தீர்மானிக்க முடியாது. அவனுக்கு அலுப்பூட்டிய ஒரு பக்கப் பேச்சில், ஒரு சட்டையின் நிறமோ ஒரு திகதியோ இருக்கலாம். பேசியவள் அழிக்கச் சொன்னதை அழித்துவிட வேண்டும். அவள் வைத்திருக்கச் சொன்ன மற்றவற்றைப் படத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஊர், நாள், பேசியவருக்கு இட்ட குறியீட்டு எண் ஆகியவற்றோடு, பேசியது பேசியபடி, “எண்டு”க்களும் “ஆம்”களும் விடாமல் எழுதிய பிரதியையும் சேர்த்து, இரண்டு ஹாட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வவுனியாவிலும் மற்றதை வேறு மாவட்டத்திலும் ஈரம் படாத பெட்டியில் வைக்கலாம். அதற்குரிய பட்டியலை எழுதுவதற்கு ஐவருக்கும் ஒரு பிற்பகல் போதும். பட்டியலின் தலைப்பில் ‘படத்தில் சேராதவை’ என்று எழுதி, வெட்டியவர் ஐவரும் அதன் கீழே தத்தம் பெயரை இட வேண்டும்.